பகற்குருடும் கைவிளக்கும்: குருபக்தி பற்றி ஓர் எளிய அறிமுகம்

14-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். சிதம்பரத்தில் நடராசர் பூசையை முடித்துவிட்டு உமாபதி சிவம் பல்லக்கில் வீடு திரும்பிக்கொண்டிருக்கிறார். தில்லைவாழ் அந்தணர், வேதமும் ஆகமமும் கரைத்துக் குடித்தவர். உச்சிப் பகல். ஆனாலும் பல்லக்கின் முன்னால் தீவட்டி எரிகிறது. கோயில் மரியாதை அது. தெருவோரத் திண்ணையில் உட்கார்ந்திருந்த மறைஞான சம்பந்தர் இதைப் பார்த்துவிட்டுக் காதில் விழும்படியே சொல்கிறார்: "பட்ட கட்டையில் பகற்குருடு போகிறது!"

பல்லக்கு, பட்டுப்போன மரம். பட்டப்பகலில் தீவட்டி தேவைப்படுகிறவர் பகலிலும் கண் தெரியாதவர். நடுத்தெருவில் ஒருவர் நம்மை இப்படிச் சொன்னால் குறைந்தபட்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டாவது போவோம். உமாபதி சிவமோ பல்லக்கை விட்டு இறங்கி, சொன்னவரின் பின்னால் நடக்க ஆரம்பித்தார். மறைஞான சம்பந்தர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நெசவாளர் தெருவில் பாவுக்குப் போட வைத்திருந்த கஞ்சியைக் கேட்டு வாங்கி, கையில் ஏந்திக் குடித்தார். முழங்கை வழியே வழிந்ததைப் பின்னால் வந்தவர் ஏந்திக் குடித்தார். தில்லை அந்தணர்கள் உமாபதி சிவத்தை ஒதுக்கிவைத்தார்கள். அவர் ஊருக்கு வெளியே கொற்றவன்குடியில் போய்த் தங்கினார். சைவ சித்தாந்த சாத்திரங்கள் 14-இல் 8 அவர் எழுதியவை.

சைவ மரபு சொல்லும் இந்த வரலாற்றைக் கேட்கிறவர்களுக்குப் பெரும்பாலும் அந்தக் கஞ்சிதான் மனத்தில் நிற்கிறது. 'குருபக்தி என்றால் எச்சிலைக் குடிப்பதா?' என்று சிலர் முகம் சுளிப்பார்கள், 'என்ன பக்தி!' என்று சிலர் கண் கலங்குவார்கள். எனக்கு அதற்கு முந்தைய கணம்தான் பெரிதாகப் படுகிறது. பல்லக்கில் இருந்தவருக்கு அந்த வசவு உண்மை என்று உறைத்ததே, அந்தக் கணம். இத்தனை படித்தும் நமக்கு இன்னும் கண் திறக்கவில்லை என்று தெரிந்தது. தெரிய வைத்தவர் யாரோ, அவர் பின்னால் கால்கள் தாமாகப் போயின. குருபக்தியை அங்கிருந்து பார்க்கத் தொடங்கினால் மற்றதெல்லாம் ஓரளவு விளங்கிவிடும்.

குரு என்ற சொல்

வடமொழியில் 'குரு' என்றால் கனமானது. இசையிலும் யாப்பிலும் 'லகு, குரு' என்று வருவதும் இதே சொல்தான். லகு இலேசு, குரு கனம். எடை உள்ளவர், காற்றில் அசையாதவர் என்று கொள்ளலாம். 'கு' என்றால் இருள், 'ரு' என்றால் அதை நீக்குவது என்று மேடைதோறும் சொல்லப்படும் விளக்கம் சொல்லின் வேரைக் காட்டுவதல்ல, குரு செய்யும் வேலையைக் காட்டுவது. பழைய நூல்களிலேயே அந்த விளக்கம் இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது 'தேசிகர்' என்ற சொல். இடம் தெரிந்தவர், வழிகாட்டி என்று பொருள். இந்தப் பக்கமாகப் போய்வந்தவர்.

நம் ஊரில் ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வது நல்லது. குருப்பெயர்ச்சி அன்று தட்சிணாமூர்த்தி சன்னிதியில் கொண்டைக்கடலை மாலையோடு வரிசை நிற்கும். பெயர்ச்சி ஆகிற குரு வியாழன். நவக்கிரகங்களில் ஒருவர், தேவர்களின் ஆசிரியரான பிரகஸ்பதி. தட்சிணாமூர்த்தி சிவபெருமானின் வடிவம். கல்லால மரத்தடியில் தெற்கு நோக்கி அமர்ந்து, வாய் திறக்காமல் சின்முத்திரையால் சனகாதி முனிவர் நால்வருக்கு உபதேசிப்பவர். மரத்தடியில் சீடர்கள் கிழவர்கள், குரு இளைஞர் என்று வடமொழித் துதி ஒன்று வியக்கிறது. இந்தக் கட்டுரை பேசுவது அந்த இரண்டாவது குருவைப் பற்றி. முதலாமவருக்கு ஜோதிடப் பக்கங்கள் இருக்கின்றன.

பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித் தருபவரும் குருதான், சங்கீதம் சொல்லித் தருபவரும் குருதான். வித்தையைத் தருகிற அவர்களை வித்யா குரு என்பார்கள். மந்திரம் கொடுத்து ஒரு சாதனையில் சேர்ப்பவர் தீட்சா குரு. 'நீ யார்' என்பதைக் காட்டிக் கொடுப்பவர் ஞான குரு. மூவரும் ஒருவராகவே அமையலாம், தனித்தனியாகவும் இருக்கலாம். இராமானுசருக்கு ஐந்து ஆசாரியர்கள்.

கடவுள் இருக்கும்போது நடுவில் ஒரு மனிதர் எதற்கு?

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது; நியாயமான கேள்வி. இதற்குச் சாந்தோக்ய உபநிடதம் ஒரு கதை சொல்கிறது. காந்தார நாட்டுக்காரன் ஒருவனைக் கண்ணைக் கட்டிக் கொண்டுவந்து ஆளில்லாத காட்டில் விட்டுவிடுகிறார்கள். அவன் கிழக்கே, வடக்கே, தெற்கே என்று முகத்தைத் திருப்பித் திருப்பிக் கத்துகிறான். அந்த வழியாக வந்த ஒருவர் கட்டை அவிழ்த்து, 'காந்தாரம் இந்தத் திசையில் இருக்கிறது, இப்படிப் போ' என்கிறார். அவன் ஊர் ஊராக வழி கேட்டுக்கொண்டே போய் வீடு சேர்கிறான். அதைப் போலத்தான் ஆசாரியனை உடையவன் அறிகிறான் என்று உபநிடதம் முடிக்கிறது.

இதில் குரு செய்தது இரண்டே வேலை. கட்டை அவிழ்த்தார், கையை நீட்டித் திசை காட்டினார். தூக்கிக்கொண்டு போகவில்லை. நடந்ததும் வழியில் விசாரித்ததும் அவன்தான். ஆனால் அந்த இரண்டு வேலையையும் அவனால் தனக்குத்தானே செய்துகொள்ள முடியவில்லை. ஊர் இருக்கும் திசையை அவனே எப்படிக் கண்டுபிடிப்பான்?

'புத்தகம் படித்தால் போதாதா' என்பது அடுத்த கேள்வி. புத்தகம் வேண்டும்தான். ஆனால் நாம் புத்தகத்தைப் படிக்கிறோமே தவிர, புத்தகம் நம்மைப் படிப்பதில்லை. ஆணவத்தை விடு என்று ஒரு வரி வந்தால் உடனே நமக்குத் தெரிந்த ஆணவக்காரர் ஒருவரின் முகம்தான் ஞாபகத்துக்கு வரும். உமாபதி சிவம் படிக்காத சாத்திரமா? அத்தனையும் சேர்ந்து சொல்லாததை ஒரு திண்ணைக்காரர் ஒரே வரியில் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அவர் பொதுவாகப் பேசாமல் எதிரில் போகிற ஆளைப் பார்த்துப் பேசினார் என்பதே.

ஆன்மிக சாதனையில் இன்னொரு சிக்கல் உண்டு. எதைக் கரைக்கப் புறப்பட்டோமோ அதுவே சாதனையை நடத்தும் தலைவனாகவும் வந்து உட்கார்ந்துகொள்ளும். விரதம் இருந்தால் 'நான் இத்தனை நாள் இருந்தேன்' என்று கணக்கு வைக்கும். தியானம் கைகூடினால் பக்கத்தில் தூங்கி வழிகிறவரைப் பார்த்து உள்ளுக்குள் சிரிக்கும். திருடனையே காவலுக்கு வைத்த கதை. அந்த இடத்தில் வெளியிலிருந்து ஒரு பார்வை தேவைப்படுகிறது. அதுவும் நம்மேல் அன்புள்ள ஒருவரின் பார்வையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சொன்னதை ஏற்க மனம் வராது. பக்தி என்பது அந்த ஏற்கும் பக்குவம். கதவை உள்ளிருந்து திறந்து வைப்பது.

பணிதல், கேட்டல், தொண்டு

குருவை அணுகும் முறையை கீதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது (4:34). பணிதல், திரும்பத் திரும்பக் கேட்டல், தொண்டு செய்தல்: பிரணிபாதம், பரிப்ரச்னம், சேவை. இவற்றில் முதலாவதும் மூன்றாவதும் பெயர் பெற்றுவிட்டன. நடுவில் உள்ளதைப் பலர் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

பணிதல் என்றால் காலில் விழுவது என்று எல்லோருக்கும் தெரியும். கீதையிலேயே அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். முதல் அத்தியாயத்தில் அர்ச்சுனன் வாதாடுகிறான். கண்ணன் அவனுக்கு நண்பன், மைத்துனன், தேரோட்டி. இரண்டாம் அத்தியாயத்தில், 'எனக்குக் குழப்பமாக இருக்கிறது, நான் உன் சீடன், சொல்லிக் கொடு' என்று கேட்கிறான். அதன் பிறகுதான் உபதேசம் ஆரம்பிக்கிறது. ஆள் அதே ஆள், தேரும் அதே தேர். 'எனக்குத் தெரியவில்லை' என்று ஒப்புக்கொண்டதுதான் பணிவு. தரையில் நெற்றி பட விழுந்துவிட்டு, உள்ளே 'எனக்கு எல்லாம் தெரியும்' என்று நிமிர்ந்து நிற்பதும் நடக்கிறதே.

முண்டக உபநிடதம் சீடன் கையில் சமித்தோடு போக வேண்டும் என்கிறது. வேள்வித் தீக்குப் போடும் சுள்ளி. பெரிய தட்சிணை எதுவும் கேட்கவில்லை. காய்ந்த சுள்ளியாக இருந்தால் பற்றிக்கொள்ளும். ஈர விறகை வைத்துக்கொண்டு ஊதினால் புகைதான் வரும், கண்தான் எரியும்.

இனி, கேட்டல். குருபக்தி உள்ளவர் கேள்வியே கேட்க மாட்டார் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. உபநிடதங்களே கேள்வி பதில்தான். அர்ச்சுனன் விடாமல் கேட்கிறான். 'முன்னுக்குப் பின் முரணாகப் பேசிக் குழப்புகிறாயே' என்றுகூடச் சொல்கிறான். எல்லாம் சொல்லி முடித்த பிறகு கண்ணன், 'இதை முழுவதும் ஆராய்ந்து பார், பிறகு உன் விருப்பப்படி செய்' என்கிறார் (18:63). விசுவரூபம் காட்டிய பிறகும் முடிவெடுக்கும் உரிமையை அவன் கையிலேயே விட்டுவைத்தவர் அவர்.

மதுரகவியாழ்வாரின் கதையும் ஒரு கேள்வியில்தான் தொடங்குகிறது. வட நாட்டு யாத்திரையில் இருந்தவர், தென்திசையில் தெரிந்த ஒரு பேரொளியைப் பின்பற்றி நடந்து திருக்குருகூர் வந்து சேர்கிறார். அங்கே புளிய மரத்தடியில் பிறந்தது முதல் பேசாத ஓர் இளைஞர் அமர்ந்திருக்கிறார். வயதில் மூத்த மதுரகவி அவரிடம் கேட்கிறார்: "செத்ததின் வயிற்றில் சிறியது பிறந்தால் எத்தைத் தின்று எங்கே கிடக்கும்?" வாய் திறக்காதவர் திறந்தார்: "அத்தைத் தின்று அங்கே கிடக்கும்." உயிரற்ற உடலுக்குள் நுண்ணிய உயிர் புகுந்தால் எதை அனுபவித்து எங்கே இருக்கும் என்பது கேள்வி, உடல் தரும் இன்பதுன்பங்களையே அனுபவித்து அதிலேயே கிடக்கும் என்பது பதில் என்று பொருள் சொல்வார்கள். அந்த இளைஞர்தான் நம்மாழ்வார். மற்ற ஆழ்வார்கள் பெருமாளைப் பாடினார்கள். மதுரகவி பாடியது தம் குருவை மட்டும், மொத்தமே 11 பாசுரம். "தேவு மற்று அறியேன்" என்று அதில் சொல்லிவிட்டார், வேறு தெய்வம் எனக்குத் தெரியாது என்று. கடவுளைப் பாடாத அந்தப் பாட்டை வைணவர்கள் திவ்வியப் பிரபந்தத்திலிருந்து விலக்கவில்லை; நடுநாயகமாக வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

தொண்டைப் பற்றி ஒரு கதை போதும். தருமபுரம் ஆதீனத்தை 16-ஆம் நூற்றாண்டில் நிறுவிய குருஞானசம்பந்தர், திருவாரூரில் கமலை ஞானப்பிரகாசரிடம் சீடராக இருந்தார். குரு கோயிலில் அர்த்தசாம வழிபாடு முடித்து வீடு திரும்பும்போது கைவிளக்குப் பிடித்துக்கொண்டு முன்னால் போவது அவர் பணி. ஓர் இரவு வாசலில் குரு 'நிற்க' என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சீடர் அங்கேயே நின்றார். மழை கொட்டியது. விடிந்து கதவைத் திறந்தால் விளக்கோடு அப்படியே நிற்கிறார். மழை அவர்மேல் படவில்லை, விளக்கும் அணையவில்லை என்பது மரபு. அந்த அற்புதத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும், 'எவ்வளவு நேரம்?' என்ற கேள்வி எழாத ஒரு மனம் அங்கே நின்றுகொண்டிருந்தது தெரியும். அதற்கு அடுத்தது இன்னும் முக்கியம். அப்படிப்பட்ட சீடரைக் குரு தம் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளவில்லை. போய்ப் பிறருக்கு உபதேசம் செய் என்று தருமபுரத்துக்கு அனுப்பிவிட்டார். பிரிய மனமில்லாமல்தான் சீடர் போனார்.

விளக்குப் பிடிப்பதும், துணி துவைப்பதும், பெருக்குவதும் குருவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதற்காக வைத்த வேலைகள் அல்ல. உபதேசத்தை ஒரு மணி நேரத்தில் கேட்டுவிடலாம். அந்த உபதேசம் நடமாடுவதை, கோபம் வர வேண்டிய இடத்தில் அது என்ன செய்கிறது என்பதைக் கூடவே இருந்துதான் பார்க்க முடியும். ஆதிசங்கரரின் சீடர்களில் கிரி என்பவர் மந்தமானவர் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். ஒரு நாள் அவர் குருவின் துணியைத் துவைக்கப் போயிருந்தார். அவர் வரட்டும் என்று சங்கரர் பாடத்தைத் தொடங்காமல் காத்திருந்தார். மற்றவர்களுக்கு எரிச்சல். திரும்பி வந்த கிரி, தோடக விருத்தத்தில் குருவைப் பாடிக்கொண்டே வந்தாராம். அன்றிலிருந்து அவர் தோடகாசாரியர்.

குருவே கடவுள் என்பது

இந்த இடத்தில்தான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு உறுத்தும். ஒரு மனிதரைக் கடவுள் என்பதா? சுவேதாச்வதர உபநிடதத்தின் கடைசி மந்திரம், கடவுளிடம் உள்ள அதே பக்தி குருவிடமும் யாருக்கு உண்டோ அவருக்கே இந்தப் பொருள் ஒளிரும் என்கிறது. பக்தி என்ற சொல் வரும் மிகப் பழைய இடங்களில் இது ஒன்று. அங்கேயே குருவும் வந்துவிடுகிறார். ஆனால் அதற்கு என்ன பொருள் என்பதில் மரபுகள் ஒரே மாதிரி பேசவில்லை.

சைவ சித்தாந்தத்தில் இதற்கு ஓர் அரசகுமாரன் கதை இருக்கிறது. குழந்தையிலேயே வேடர்களிடம் சிக்கி வேடனாகவே வளர்ந்தவன், தன்னை வேடன் என்றே நினைக்கிறான். அரசன் நேரில் வந்து 'நீ என் மகன்' என்று சொல்லி அழைத்துப் போகிறான். வேடர்கள் ஐம்புலன்கள்; சிறைப்பட்டது உயிர். இறைவன் "தம்முதல் குருவுமாய்" வந்து உணர்த்துகிறான் என்று மெய்கண்டார் சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரத்தில் சொல்கிறார். மானைக் காட்டி மானைப் பிடிப்பதுபோல, மனிதனைப் பிடிக்க இறைவன் மனிதச் சட்டை போட்டு வருகிறான் என்பார்கள். கும்பிடுவது சட்டையை அல்ல, அதற்குள் வந்திருப்பவனை. திருவடியைத் தலைமேல் வைப்பது தீட்சையில் ஒரு முறை. அப்பர் அதைச் சிவனிடமே கேட்டு, நல்லூரில் பெற்றதாகப் பாடியிருக்கிறார்.

தீட்சையைப் பற்றிய உவமை ஒன்று என்னைச் சிறு வயதிலேயே கவர்ந்தது. மீன் தன் முட்டையைப் பார்த்தே பொரிக்குமாம், ஆமை நினைத்தே பொரிக்குமாம், பறவை தொட்டு அணைத்துப் பொரிக்குமாம். பார்வையால், நினைவால், தொடுகையால் குரு தரும் நயன, மானச, பரிச தீட்சைகளுக்கு இப்படி உவமை. உயிரியல் பரீட்சையில் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. ஆனாலும் முட்டைக்குள் உயிர் ஏற்கெனவே இருக்கிறது, வெளியிலிருந்து வேண்டியது கொஞ்சம் சூடு என்பதை இதைவிட நன்றாகச் சொல்ல முடியுமா?

வைணவத்தில் ஆசாரியர் ஒரு சங்கிலியின் கண்ணி. அவருக்கு ஓர் ஆசாரியர், அவருக்கு மேல் இன்னொருவர் என்று நாதமுனிகள், நம்மாழ்வார் வழியாகப் பெருமாள் வரை போகும். இதுதான் குருபரம்பரை. எதையும் சேவிக்கத் தொடங்கும் முன் ஆசாரியர்களின் தனியன்களை, அவர்களைப் போற்றும் தனிப் பாடல்களை, சொல்வது அதனால்தான். பிள்ளை லோகாசாரியர் வழியில் 'ஆசார்ய அபிமானம்' என்று ஒரு சொல் உண்டு. சீடன் குருவின்மேல் வைக்கும் பற்று என்றுதான் நமக்குத் தோன்றும். அவர்கள் சொல்வது 'இவன் நம்முடையவன்' என்று ஆசாரியர் சீடன்மேல் வைக்கும் பற்றை. கரை சேர்ப்பது அதுதானாம். தாய்க்குரங்கைக் குட்டி பிடித்துக்கொள்வதைவிடத் தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக்கொள்வது பத்திரமானது என்ற எண்ணத்தின் தொடர்ச்சி இது.

அத்வைதத்தில் கதையே வேறு. குருவும் சீடனும் கடவுளும் கடைசியில் ஒன்றே என்பதால், 'குரு கடவுள்' என்பது பாதி வாக்கியம்தான். 'நீயும் அதுவே' என்பது மீதி. அந்த மீதியைச் சொல்லத்தான் குருவே வருகிறார். ஆனாலும் அத்வைதிகள் பக்தியைக் கைவிடவில்லை. ஆஷாட மாதத்துப் பௌர்ணமியான குரு பூர்ணிமையில் வியாசரில் தொடங்கி குருமார்களின் வரிசைக்கே பூசை செய்துதான் சந்நியாசிகள் சாதுர்மாஸ்யம், ஒரே ஊரில் தங்கியிருக்கும் மழைக்கால விரதம், தொடங்குகிறார்கள்.

முருகன் கதையில் இது இன்னும் குறும்பாக வருகிறது. சுவாமிமலையில் பிள்ளை குரு, அப்பன் சீடன். பிரணவத்தின் பொருளைக் கேட்கச் சிவபெருமானே கைகட்டி நின்றதால் முருகனுக்குத் 'தகப்பன் சாமி' என்று பெயர். மெய்கண்டார் வரலாறும் அப்படித்தான். குலகுருவான அருள்நந்தி சிவாசாரியார் சிறுவரான மெய்கண்டாரிடம் போய், ஆணவ மலத்தின், அதாவது 'நான்' என்னும் அழுக்கின், வடிவம் என்ன என்று கேட்டார். சிறுவர் அவரையே மேலும் கீழும் பார்த்தார். அருள்நந்தி அந்த இடத்திலேயே காலில் விழுந்து சீடரானார். வயது, குலம், படிப்பு எல்லாவற்றையும் குருபக்தி ஒரு நொடியில் தலைகீழாக்கிவிடுகிறது. சடங்கு மரியாதையில் அது நடக்காது.

எல்லை எங்கே?

இதைச் சொல்லாமல் குருபக்தியைப் பற்றி இன்றைக்கு எழுதக் கூடாது. பக்தியின் பெயரால் பணமும் உடலும் மானமும் பறிபோன கதைகளை நாம் செய்தித்தாளில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். 'கலி முற்றிவிட்டது' என்று சொல்லி நழுவவும் முடியாது. திருமூலரே எச்சரித்துவிட்டார்:

குருட்டினை நீக்கும் குருவினைக் கொள்ளார்
குருட்டினை நீக்காக் குருவினைக் கொள்வர்
குருடும் குருடும் குருட்டாட்டம் ஆடிக்
குருடும் குருடும் குழிவிழு மாறே

இதில் குருவை மட்டும் அவர் திட்டவில்லை. 'கொள்ளார்', 'கொள்வர்' என்று தேர்ந்தெடுக்கிறவனையும் சேர்த்துத்தான் பிடிக்கிறார். முண்டகம் குருவுக்கு இரண்டு தகுதி வைக்கிறது: மறையைக் கேட்டுத் தெளிந்தவராக இருக்க வேண்டும், பிரம்மத்தில் நிலைத்தவராகவும் இருக்க வேண்டும். முதலாவதை நாம் ஓரளவு சோதிக்கலாம். இரண்டாவதைச் சட்டென்று அளக்கக் கருவி இல்லை, காலம்தான் கருவி. 1881-இல் இராமகிருஷ்ணரை முதலில் சந்தித்த நரேந்திரர், பின்னாளின் விவேகானந்தர், உடனே சரணடைந்துவிடவில்லை. காசைத் தொட்டாலே உடம்பு வலிக்கும் என்கிறாரே, பார்ப்போம் என்று அவர் படுக்கைக்கு அடியில் ஒரு நாணயத்தை ஒளித்துவைத்தார். உட்கார்ந்தவர் வலியால் துள்ளி எழுந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் கோபிக்கவில்லை, சந்தோஷப்பட்டார். சோதனையைப் பார்த்துக் கோபப்படும் குரு என்றால் கொஞ்சம் யோசிக்கலாம்.

கீழ்ப்படிதலுக்கும் சாத்திரங்கள் வேலி கட்டியிருக்கின்றன. தைத்திரீய உபநிடதத்தில் 'ஆசார்ய தேவோ பவ' என்ற வரி எல்லோருக்கும் தெரியும். அதை ஒட்டியே, 'எங்களிடம் உள்ள நல்ல நடத்தைகளை மட்டும் பின்பற்று, மற்றவற்றை வேண்டாம்' என்று அந்த ஆசிரியரே சொல்வது ஏனோ சுவரில் எழுதப்படுவதில்லை. மாணவன் ஆசிரியருக்கு அடங்கியிருக்க வேண்டும், பாவத்தில் தள்ளும் செயல்களைத் தவிர என்பது ஆபஸ்தம்ப தர்மசூத்திரம். பாரதத்தில் அம்பையை மணந்துகொள் என்று வற்புறுத்திய பரசுராமரை, தமக்கு வில் கற்றுத் தந்த அதே குருவை, பீஷ்மர் போர்க்களத்தில் எதிர்த்து நிற்கிறார். நன்மை தீமை அறியாமல் வழிதவறிப் போனால் குருவையும் விடலாம் என்ற பழைய சுலோகத்தைச் சொல்லிவிட்டு, வணங்கிய பிறகே வில்லை எடுக்கிறார். தமிழில் நன்னூல் ஆசிரியரை வழிபடும் முறையைச் சொல்லும்போது, ஆசான் எப்படி மகிழ்வாரோ அப்படி நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு 'அறத்தின் திரியா' என்று ஒரு நிபந்தனை வைக்கிறது. அறத்திலிருந்து விலகாமல். அதே சூத்திரம் குளிர் காய்கிறவனைப் போல நெருப்பை விட்டு விலகாமலும் மிக நெருங்காமலும் இரு என்றும் சொல்கிறது. இலக்கண நூல்தான், ஆனால் குருபக்திக்கு இதைவிடச் சரியான அளவுகோல் எனக்குத் தெரியாது.

சரி, குருவின் சொல்லை மீறிய பக்தி உண்டா? திருக்கோட்டியூரில் நடந்தது அதுதான். நம்பியிடம் உபதேசம் பெற இராமானுசர் 18 முறை நடந்தார். யாருக்கும் சொல்லக் கூடாது என்ற ஆணையோடு எட்டெழுத்துத் திருமந்திரத்தின் பொருள் கிடைத்தது. அவர் கோபுரத்தின் மேல் ஏறி, வந்திருந்த எல்லோருக்கும் அதைச் சொன்னார் என்பது வழங்கிவரும் கதை. கொதித்துப் போன நம்பி, 'உனக்கு நரகம்தான்' என்றார். 'இத்தனை பேர் உய்வார்கள் என்றால் நான் ஒருவன் நரகம் போகிறேன்' என்றார் சீடர். நம்பி அவரைக் கட்டிக்கொண்டு 'எம்பெருமானார்' என்று அழைத்தார். கவனித்தால், இராமானுசர் தண்டனையிலிருந்து தப்பப் பார்க்கவில்லை. குருவின் வாக்கு பலிக்கும் என்று நம்பியே நரகத்துக்குத் தயாரானார். மீறியபோதும் பக்தி குறையவில்லை. இது எல்லோருக்கும் வாய்க்கிற மீறல் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

ஒருவர் தம் குருபக்தி சரியான பாதையில் இருக்கிறதா என்று எப்படிப் பார்த்துக்கொள்வது? திருமூலரின் திருமந்திரத்தில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு: தெளிவு குருவின் திருமேனி காண்டல், தெளிவு குருவின் திருநாமம் செப்பல், தெளிவு குருவின் திருவார்த்தை கேட்டல், தெளிவு குருவுரு சிந்தித்தல். நான்கு வரியிலும் தொடங்கும் சொல் ஒன்றுதான். பரவசம் என்று பாடவில்லை, பயம் என்று பாடவில்லை, பெருமை என்றும் பாடவில்லை. குருவிடம் போய்வந்த பிறகு வீட்டாரிடம் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது, கேள்வி கேட்கப் பயமாக இருக்கிறது, மற்ற குருமார்களின் சீடர்களைக் கண்டால் இளக்காரம் வருகிறது என்றால், அந்த நான்கு வரியை இன்னொரு முறை படித்துப் பார்க்கலாம்.

எனக்குக் குரு இல்லையே?

பெரும்பாலோரின் நிலை இதுதான். அவசரப்பட்டு ஒருவரைப் பிடித்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை. பாகவதத்தில் ஓர் அவதூதர் தமக்கு 24 குருமார்கள் என்று கணக்குச் சொல்கிறார்: பூமி, காற்று, மலைப்பாம்பு, தேனீ, பிங்களை என்ற கணிகை என்று பட்டியல் நீள்கிறது. கற்றுக்கொள்ளும் கண் இருந்தால் குருவுக்குப் பஞ்சமில்லை என்பது ஒரு பதில். 1896-இல் பதினாறு வயதில் திருவண்ணாமலைக்கு வந்த ரமணருக்கு மனித வடிவில் குரு இல்லை. அருணாசல மலையே குரு என்றார். அவர் அந்த மலையைப் பாடிய அட்சரமணமாலையைப் படித்தால் குருபக்தி என்றால் என்ன என்று தெரியும். மனித குரு இல்லாதவரிடம் குருபக்தி இல்லாமல் இல்லை.

அதுவரை செய்ய ஒன்றுமில்லையா என்றால், இருக்கிறது. தெரிந்த நல்ல வழிபாட்டைச் செய்வது, பெரியோர் நூல்களைப் படிப்பது, சத்சங்கத்தில் உட்கார்வது, யார் நம் குறையைச் சொன்னாலும் ஒரு நிமிடம் எதிர்வாதம் செய்யாமல் கேட்டுப் பார்ப்பது. கடைசியில் சொன்னது சுலபமாகத் தெரியும். முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும் எவ்வளவு கஷ்டம் என்று. சுள்ளி காய்வது அப்படித்தான்.

குரு எப்போது வருவார், எப்படி வருவார் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. திருவாதவூரார், பின்னாளின் மாணிக்கவாசகர், பாண்டியனின் அமைச்சர். அரசன் கொடுத்த பொன்னோடு குதிரை வாங்கப் புறப்பட்டார். திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் அடியார் கூட்டத்தின் நடுவே ஒருவர் அமர்ந்திருந்ததைப் பார்த்தார். அதற்குப் பிறகு குதிரை ஞாபகம் வரவில்லை. அரசன் கொடுத்த பொன் கோயில் திருப்பணிக்குப் போயிற்று. மதுரையில் அரசன் குதிரைகளுக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.